ஆர்கன் மோட்டார்

அண்ணனுக்கு,

உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

அம்மா வாசிக்கும் பழைய ஆர்கனுக்குக் காற்றடிக்கும் மோட்டாரைக் கழற்றி, சமையலறைப் புகையை வெளியே தள்ள மாட்டிவிட்டுப் போனாயே, அது போன செவ்வாய்க்கிழமை அம்மாவை ஷாக்கடித்துப் பிடித்துக்கொண்டது. ஈரக் கையோடு அதன் இரும்புக் கூட்டைத் தொட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடிவந்து மெயினை அணைத்ததால் பிழைத்தாள்.

பிரித்துப் பார்த்தேன். தொட்டால் உதிரும் பழைய ஒயரின் மேலேயே டேப் சுற்றியிருக்கிறாய். பிளக்கில் இடமில்லை என்று எர்த் ஒயரை ஒட்ட வெட்டியிருக்கிறாய். நாம் இரண்டு பேரும் ஒரே பட்டறையில்தானே வேலை கற்றோம்? ஊரான் வீட்டு மோட்டாராக இருந்தால் இப்படிச் செய்வாயா?

பழையதையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். புது ஒயர் இழுத்து, எர்த்தைக் கூட்டோடு இறுக்கித் திருகி, ஃபியூஸும் வைத்தேன். கசிவு இல்லை என்று மீட்டரில் மூன்று முறை பார்த்த பிறகே பிளக்கைச் செருகினேன். இனி அது சமையலறைக்குப் போகாது. ஆர்கனுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அம்மா வாசித்துப் பார்த்தாள். வலது கையில் வெந்த இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை.

"அண்ணன்கிட்ட சொல்லாதடி. பாவம், அவசரத்துல செஞ்சிருப்பான்."

"உனக்கு எப்பவும் அவன்தான் பாவம்" என்றேன்.

சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன் செய்யாதே. செய்தால், "ஒண்ணுமில்லடா" என்று உன்னைத் தேற்றி அனுப்பிவிடுவாள். நேரில் வா. ஒரு தம்ளர் தண்ணீரை அவள் எப்படித் தூக்கிக் குடிக்கிறாள் என்று எதிரே உட்கார்ந்து பார்.

உன் தங்கை