கருவாட்டு வாடையடிக்கும் வீணைகள்

பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததுமே வாடை குப்பென்று எழுந்தது. உன் மனைவி நேற்று கொடுத்துவிட்டுப் போன ஸ்டாம்ப் ஆல்பம். நீ போய் மூன்று மாதமாகியும் நெத்திலிக் கவுச்சி அப்படியே இருக்கிறது. "மாமா, அத வெளிய வெச்சிடுங்களேன்" என்று மருமகள் மூக்கைப் பொத்தினாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை. என் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

நான் பழவேற்காடு தபால் நிலையத்தில் இருந்த காலத்தில், படகு கரையேறிய கையோடு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்து நிற்பாய். கிழித்துப்போட்ட பழைய உறைகள் வேண்டும் உனக்கு. அதிலும் வாத்தியம் போட்ட ஸ்டாம்ப் மட்டும். எந்த நாடு, எந்த வருஷம் என்றெல்லாம் பார்க்கவே மாட்டாய். "ஊதுறது ஒரு பக்கம், தட்டுறது ஒரு பக்கம், மீட்டுறது ஒரு பக்கம். அவ்ளோதான்டா" என்பாய்.

தண்ணீரில் ஊறவைத்து உரித்த ஸ்டாம்புகளை மணலில் விரித்த பழைய வலையில், நெத்திலிக்குப் பக்கத்திலேயே காயப்போடுவாய். காற்றில் பறக்காமல் மேலே இன்னொரு வலை. வீட்டுக்குள் காயவை என்று தலையில் அடித்துக்கொள்வேன். "மீனே காயுது, காயிதம் காயாதா இன்னா?" என்று சிரிப்பாய்.

சென்னையில் ஸ்டாம்ப் சங்கம் நடத்திய கண்காட்சிக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டதே நான்தான். கல்யாணச் சட்டையைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். நடுவராக இருந்தவர் ஒரே ஒரு பக்கம் புரட்டினார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. "இத யாரு உள்ள விட்டது?" என்றார். உன் வீணைகளையும் தவில்களையும் கழிவறை ஓரமிருந்த பெஞ்சில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவர் உங்ககூட வந்தவரா?"

"இல்ல சார். ஒரே பஸ்ல வந்தோம், அவ்ளோதான்."

நீ கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாய். முந்தின நாள்தான் உன் வீட்டில் நெத்திலிக் குழம்பை விரல் நக்கித் தின்றிருந்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

திரும்பும்போது பஸ்ஸில் நீதான் முதலில் ஏறினாய். இடம் பிடித்துவிட்டு நகர்ந்துகொண்டாய். "ஜன்னலாண்ட நீ குந்துடா. காத்து வரும்." ஆல்பத்தை மடியில் வைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டாய். திருப்பாலைவனத்தில் நான் இறங்கும் வரைக்கும் அந்தத் துண்டை நீ எடுக்கவில்லை.

இன்று காலை அதே சங்கத்திலிருந்து போன். மீனவர் சேர்த்தது என்றால் இப்போது விசேஷமாம். "வாடைய மருந்து போட்டு எடுத்துடலாம் சார்" என்று தேனாகப் பேசினான் ஒருவன். வாடையோடு வைப்பதானால் தருகிறேன், இல்லையென்றால் போனை வை என்றேன். "அவர் உங்களுக்கு என்ன உறவு சார்?" என்று கேட்டான். "நான்தான் அவன்கூட வந்தவன்" என்றேன். அவனிடம் சொல்லி என்ன பயன், நீ கேட்க வேண்டிய வார்த்தை அது.

ஆல்பம் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தால் இப்போதெல்லாம் நான் நின்றுகொண்டே போகிறேன்.