பக்கத்து அறையில் தூங்குகிறாள்

வியாழக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? இருந்தாலும் கேட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறாளே, ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறாதே. திங்கட்கிழமை ஒரு பல்லை எடுத்தார்கள், அவ்வளவுதான். வலது பக்கம் கீழே, கடைசியில் இருக்கும் ஞானப்பல். நேராக முளைக்காமல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து படுத்திருந்ததாம். ஈறை வெட்டி, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்து, மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். லீவு கேட்கப் போனபோது கடை முதலாளி, இருந்த கொஞ்ச ஞானமும் போகப்போகிறதா என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நானும் சிரித்து வைத்தேன்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பல் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதால் முதல் நாள் முழுக்க வீட்டில் யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டுமாம். அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதினால்தான் பல்லில் கை வைப்போம் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலாளி பெயரை எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் உன் பெயரை எழுதினேன். உறவு: அக்கா. கூட இருப்பாரா: ஆம். நம்பரை எங்கேயும் பார்க்காமலே எழுதினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

அவர்கள் உனக்குப் போன் செய்தார்களோ என்னவோ. செய்திருந்தால், எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று சொல்லியிருப்பாய். அப்படிச் சொல்லியிருந்தால் அது நியாயம்தான். எனக்கு யாரும் வேண்டாம், நீ போய்க்கொள் என்று வாசலில் நின்று சொன்னவள் நான். உன் கல்யாணத்துக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தவளும் நான்தான். என்னை வளர்த்து ஆளாக்கியவளைப் பார்த்து, நாற்பத்தாறு வயதில் உனக்கு எதற்குக் கல்யாணம் என்று கேட்டேனே, அதை நினைத்தால் பல்லை வெட்டி எடுத்ததெல்லாம் ஒரு வலியே இல்லை.

வீட்டுக்கு டாக்ஸியில் வந்தேன். டிரைவர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரி மாடிக்கே ஏறி வந்து, முழங்கையைப் பிடித்து என்னை இறக்கிக் கூட்டி வந்தார். அவரை என் வீட்டு மனிதர் என்று நினைத்துக்கொண்டு, கவனிக்க வேண்டியதை எல்லாம் நர்ஸ் அவரிடமே சொல்லி, அச்சடித்த தாளையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவரும் பொறுப்பாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் பின்னால் திரும்பி, துப்பக் கூடாதும்மா, பஞ்சைக் கடித்துக்கொண்டே இருங்கள் என்றார். அவர் போன பிறகுதான் பார்க்கிறேன், தாள் அவருடைய சட்டைப் பையோடு போய்விட்டது. அன்றைக்கு என்னிடம் அக்கறையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

தெரிந்ததை வைத்துச் சமாளித்தேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் ஒத்தினேன். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மசித்த வாழைப்பழம், ஆறிய சூப், பால். முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. இரண்டு நாளைக்குப் பேசக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். வாயாடிக்கு நல்ல தண்டனை என்று நீ சிரிப்பாய். ஆனால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அக்கா. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினோடு இருப்பவள் யாரிடம் பேசுவாள்? வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். நாள் முழுக்கச் சேர்த்தால் பத்து வார்த்தை தேறுமா என்பதே சந்தேகம். பேசாதே என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

செவ்வாய்க்கிழமை வீட்டுப் போன் இரண்டு தடவை அடித்தது. பேசக் கூடாதே என்று எடுக்கவில்லை. கடையிலிருந்துதான் இருக்கும்.

நேற்றிலிருந்து வலி காது வரைக்கும் இழுக்கிறது. வீக்கம் வடிகிற நேரத்தில் இது ஏன் என்று புரியவில்லை. வாயைத் திறக்க முடியாததால் பாலை ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக்குப் போனால் அக்கா எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

அக்கா, மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். நல்ல வேளை, கிழிக்கவில்லை.

இன்று காலையில் வலி தாங்காமல் போய்விட்டேன். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல நிற்குமாம், அதுதான் காயத்தை ஆற்றுமாம். நான் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சி உறிஞ்சி அதைக் கழற்றிவிட்டிருக்கிறேன். உள்ளே எலும்பு தெரிகிறது என்றார் டாக்டர். குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்தை வைத்து அடைத்தார்.

பக்கத்தில் நின்ற நர்ஸுக்குக் கோபம். "உங்கக்கா போன்ல குறிப்பா கேட்டாங்களே, அவ ஸ்ட்ரா இல்லாம எதையும் குடிக்க மாட்டா, குடிக்கலாமான்னு. கூடவே கூடாதுன்னு சொன்னேனே. அவங்க சொல்லலையா?"

வாய் பிளந்தபடி இருந்தேன். நல்ல வேளை, டாக்டரின் கை உள்ளே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் உனக்குப் போன் செய்தார்களாம். நான் பக்கத்து அறையில் தூங்குகிறேன், எழுப்ப வேண்டாம் என்றாயாம். வீக்கம் இருக்கிறது, காய்ச்சல் இல்லை என்றாயாம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் எனக்கு வாந்தி வரும் என்று சொன்னாயாம். அதை என் ஃபைலில் எழுதிச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள், நானே பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம் என்று சிரித்தாயாம். பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டிய தூரத்தில் இருந்துகொண்டு இத்தனையும் சொல்லியிருக்கிறாய். ஒரு நிமிஷமாவது யோசித்தாயா, இல்லை தானாக வந்துவிட்டதா?

டாக்டர் கையை எடுத்ததும் நர்ஸிடம், "சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றேன். அக்கா பேச்சைக் கேளுங்கள் என்று அவள் ஒரு அதட்டல் போட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் தையல் இழுக்கிறது.

வரும் வழியில் கடைக்குப் போய், செவ்வாய்க்கிழமை போன் செய்தீர்களா என்று முதலாளியைக் கேட்டேன். இல்லை என்றார். இந்த வீட்டு நம்பர் வேறு யாருக்குத் தெரியும்? ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லத்தானே அடித்தாய்? பேசக் கூடாது என்றுதான் நான் எடுக்கவில்லை, அக்கா. கோபத்தில் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அன்றைக்கு வாசலில் பேசியதும் கோபத்தில் இல்லை, பயத்தில். நீயும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன் என்ற பயம். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது. என்னை மன்னித்துவிடு.

பக்கத்து அறையில் உன் கட்டில் மேல் இஸ்திரி போடாத துணியை மலையாகக் குவித்து வைத்திருந்தேன். இன்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விரிப்பை மாற்றினேன். ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன்.

இடது பக்கமும் ஒன்று சாய்ந்து கிடக்கிறதாம். இது ஆறியதும், மூன்று மாதம் கழித்து அதையும் எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மறுபடியும் அதே படிவத்தைக் கொடுப்பார்கள். கூட இருப்பது யார் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி போன் அடித்தால் எடுப்பேன், வாய் நிறையப் பஞ்சு இருந்தாலும் எடுப்பேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வரும்போது அத்தானையும் கூட்டிக்கொண்டு வா.

உன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கும்,
வாயாடி