‘அமராவதி’ சிடிகளை அழிக்காமல் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
த. காசிநாதன்,
மீன்பிடித் தொழில்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: மாசி மகத்தன்று திருட்டு சிடி எனப் பறிமுதல் செய்யப்பட்ட எங்கள் சொந்தப் பாட்டு சிடிகளைத் திருப்பித் தரக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தங்கை கணவர் பொன்னுரங்கமும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். கல்யாண வீடுகளில் பாடுவோம். நாங்களே கட்டிய பாட்டுகளைச் சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து சிடி போட்டோம். அதில் சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லை. மெட்டும் எங்களுடையதே.

2. கம்பெனி பெயர் இல்லாத சிடியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அட்டை அச்சடித்தவர் சொன்னார். எங்களுக்கு ஏது கம்பெனி? படகின் பெயரான ‘அமராவதி’யைப் போடச் சொன்னோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

3. மாசி மகத் தீர்த்தவாரிக் கூட்டத்தில், கடற்கரையில் சாக்கு விரித்துக் கடை போட்டோம். முதல் ஆள் வாங்குவதற்குள், பாதுகாப்புப் பணியிலிருந்த உதவி ஆய்வாளர் வந்து அமராவதி கம்பெனியின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். “சார், அமராவதி அதோ கரையில நிக்குது, வந்து பாருங்க” என்று பொன்னுரங்கம் கை காட்டினார். உண்மையைத்தான் சொன்னார். நக்கல் என்று எடுத்துக்கொண்டு, சாக்கோடு அள்ளிச் சென்றுவிட்டார்கள்.

4. போணி ஆகும் முன் சரக்கிலிருந்து வீட்டுக்கென்று எதையும் எடுப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. அதனால் ஆளுக்கொரு சிடிகூட வைத்துக்கொள்ளவில்லை. பிறகு ஸ்டுடியோக்காரரின் கம்ப்யூட்டரும் பழுதாகிப் பதிவு அழிந்துவிட்டது. இப்போது எங்கள் பாட்டு இருப்பது காவல் நிலையத்தில் கிடக்கும் அந்த மூட்டையில் மட்டும்தான்.

5. பிடித்த சிடிகளையெல்லாம் இம்மாதக் கடைசியில் ரோடு ரோலர் ஏற்றி அழிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். போய்க் கேட்டால், பாட்டு உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். ஐயா, ஒரு சிடியை ஓடவிட்டு என்னையும் பாடச் சொல்லுங்கள். குரல் ஒன்றுதானா என்று தாங்களே கேட்டுக்கொள்ளலாம்.

6. பொன்னுரங்கத்தை அப்படிப் பாடவைக்க முடியாது. பங்குனியில் நெஞ்சுவலி வந்து காலமாகிவிட்டார். அவர் குரலை அடையாளம் சொல்ல என் தங்கை மகேஸ்வரி எப்போது கூப்பிட்டாலும் வருவாள்.

விசாரணை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் நடக்கட்டும். அதுவரை சிடிகளை அழிக்காமல் இருக்கவும், என் தங்கைக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே கொடுக்கவும் உத்தரவிடும்படி பணிந்து கேட்கிறேன். இந்தப் பாட்டைக் கேட்பதற்கென்றே வீட்டில் ப்ளேயர் வாங்கி வைத்திருக்கிறாள். தினமும் அதைத் துடைத்து வைக்கிறாள்.

இடம்: கடலூர்
நாள்: 19.04.2010

இப்படிக்கு,
த. காசிநாதன்