இரைச்சல் இல்லை

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். மின்னஞ்சலில் இதைத் தட்டக் கூச்சமாக இருந்தது. திட்டிக்கொண்டாவது படி.

இரண்டு வாரம் முன்பு வானத்தில் ஓர் எக்ஸ்ரே வெடிப்பு. பன்னிரண்டே நொடி. அதே இடத்தில் இப்போது ஓர் ஒளி, நாளுக்கு நாள் கூடுகிறது. நேற்று நம் தொலைநோக்கியில் அதன் நிறமாலையை எடுத்தோம். வரைபடக் கோட்டில் அகலமான பள்ளங்கள், ஹைட்ரஜன் சுவடே இல்லை. ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, சூப்பர்நோவாதான் என்று நினைக்கிறேன்.

அன்று நம் ஆய்வுக்கூடக் கூட்டத்தில் நீ காட்டியதும் இதே வடிவம். "இது வெறும் கருவி இரைச்சல்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். உன் பழைய பதிவை அனுப்புவாயா?

குள்ளச்சி

மார்ச் 9

அடி குள்ளச்சி,

உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உறையைப் பிரிக்காமல் மேசையில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர்தான், "அது என்ன கடிக்கவா போகுது? பிரிச்சுப் பாரேன்" என்றார்.

நான் வேலையை விட்டது உன்னால் இல்லை. பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. நீ சொன்னது வலிக்கத்தான் செய்தது. அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தாயே, அது இன்னும் வலித்தது.

பதிவைப் பென் டிரைவில் போட்டு இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உடனே குதிக்காதே. வெடிப்பு நடந்த நட்சத்திர மண்டலத்தின் ஒளியும் அதில் கலந்திருக்கும், கழித்தாயா? அன்று நான் சரியாகக் கழிக்கவில்லை. உன் சந்தேகத்தில் பாதி நியாயம். இதை ஒத்துக்கொள்ள எனக்கும் ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

நெட்டை

மார்ச் 21

அன்புள்ள நெட்டைக்கு,

கழித்தேன். பள்ளங்கள் அசையவில்லை. உன்னுடைய வெடிப்பு எப்போதோ அணைந்துவிட்டதால், அது இருந்த மண்டலத்தின் ஒளியை மட்டும் தனியாக எடுத்து உன் பதிவிலும் கழித்தேன். அதிலும் நிற்கின்றன. இரண்டும் சூப்பர்நோவாக்கள்.

இன்று மதியம் கூட்டத்தில் இரண்டு படங்களையும் போட்டேன். பழைய படம் யாருடையது என்று இயக்குநர் கேட்டார். உன் பெயரைச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு இரைச்சல்னு சொன்னது நான். தப்பு என்னோடது" என்றேன். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில்.

குள்ளச்சி

மார்ச் 26

அடி குள்ளச்சி,

இரண்டாவதாகப் போடு, போதும். இந்தமுறை வேலை செய்தவள் நீ.

நீ அனுப்பிய படத்தை ஆசிரியர் அறையில் விரித்து வைத்திருந்தேன். வேதியியல் டீச்சர் எட்டிப் பார்த்து, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "நானும் என் ஃப்ரெண்டும்" என்றேன். யோசிக்காமல்தான் வந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வா. மன்னிப்புக் கேட்கிற பேச்சையெல்லாம் வழியிலேயே இறக்கிவிட்டுவிடு. சாப்பிட்டு, தூங்கி, ஞாயிறு சாயங்காலம் போனால் போதும்.

நெட்டை