கண்ணாடி துடைக்கிற ஆள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுவில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், அது உனக்கும் தெரியும்.

நீ எடுத்த படம் போன வாரம் நம் ஊர் தியேட்டருக்கு வந்தது. முதல் நாளே நானும் அம்மாவும் உன் மாமாவும் போனோம், கூடவே எங்கள் கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் தேய்க்கிற பவரும் வந்தான். ஆளைப் பார்த்ததுமே இவருக்கு இன்ன பவர் என்று சொல்லிவிடுவான், பாதி தப்பாகத்தான் இருக்கும், பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நானோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் எடுத்த த்ரில்லர், பயத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள் என்று தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். எழுந்தார்கள், உண்மைதான், ஆனால் வெளியே போக. அரை மணி நேரமாகத் திரையில் ஒரு ஆள் வேலையிலிருந்து வருகிறான், செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைக்கிறான், உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், சமையலறையில் அவன் மனைவி குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் காணாமல் போனதற்கு இவன்தான் காரணம் என்று அவளுக்கு மெல்ல மெல்லத் தெரிகிறது. பின்வரிசையில் ஒருத்தர், யோவ் சீக்கிரம் எதையாச்சும் பண்ணுங்கய்யா, கடைசி பஸ் போயிடும்னு கத்த, தியேட்டரே சிரித்தது.

இடைவேளையில் மாமா சோளப்பொரியை மென்றுகொண்டே, என்ன அத்தான், ஒருத்தன் கண்ணாடி தொடைக்கிறதையே காட்டிட்டிருந்தா யாருக்குப் பயம் வரும், உங்க பொண்ணு தாலாட்டு படம் எடுத்திருக்கா என்றான். அம்மா, எனக்கு மூச்சே விட முடியலடா, உனக்குப் புரியலைன்னா பொரியத் தின்னுட்டு சும்மா இரு என்று சீறினாள். ரெண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள், கடைசியில் என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க, படம் தேறுமா தேறாதா என்றார்கள். நான் பொரி தொண்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருமினேன். அந்த இருமலைக் கேட்டுத்தான் பவர் என் காதில் சொன்னான், அண்ணே, படத்துல அந்த ஆளு இருமுற இருமல் கூட உங்களோடதுதான், அவன் தொடைக்கிறதும் நம்ம கடைத் தொடைப்பு.

ஊர் உலகத்தில் எல்லாரும் சட்டை நுனியால் வட்டவட்டமாகத் துடைப்பார்கள். துணியை நாலாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது எங்கள் கடை வழக்கம், கோடு விழக்கூடாதே என்று. அதைக் கொண்டுபோய்க் கொலைகாரன் கையில் கொடுத்திருக்கிறாய். என் கதியைப் பார். படம் நன்றாக இருக்கிறது என்றால் அந்த ஆளைக் கண்டால் பயம் வருகிறது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. இல்லை என்றால் பெற்ற அப்பனே மகள் படத்துக்கு மண் அள்ளிப் போட்ட மாதிரி. நான் உங்கள் மேல் ஒரு நாளும் கை ஓங்கினதில்லை, குரலைக்கூட உயர்த்தினதில்லை. நாள் முழுக்க மற்றவர் கண்ணுக்கு உழைத்துவிட்டு வருகிறவன் வீட்டில் கொஞ்ச நேரம் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்காரக்கூடாதா? எப்படியம்மா உனக்கு மனசு வந்தது?

வீட்டுக்கு வந்தும் மாமா விடவில்லை. எனக்கும் ஆத்திரம், ஆமாடா, சரியான இழுவை, அந்த ஆளப் பாத்தா பாவமாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் தொடைக்கிற கையப் பாத்தீங்க, அதான் இழுவை, நான் அந்தப் பொம்பளையப் பாத்தேன், அவரு தொடைச்சு முடிச்சு வாயத் தொறக்கிற வரைக்கும் இன்னிக்கு என்ன கோபம்னு தெரியாம நிக்கிறது உங்களுக்கு எங்க தெரியும், நானும் எம்பொண்ணும் நின்னிருக்கோம் என்றாள். மாமா நாளைக்கு வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டான். இத்தனை வருஷமா ஏன் சொல்லல என்று கேட்டேன். சொல்லியிருந்தா இன்னொரு தடவ கண்ணாடியக் கழட்டியிருப்பீங்க என்றாள். நான் சிரித்துப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

நேற்று யாரிடமும் சொல்லாமல் மறுபடி போனேன். தியேட்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், படத்தை இன்றோடு தூக்குகிறார்களாம். இந்தத் தடவை அந்தப் பொம்பளையை மட்டும் பார்த்தேன். இடைவேளை வந்ததே தெரியவில்லை, கைக்குட்டையைத் தேடினேன், வியர்வை. படம் தேறும் கண்ணு. இதை எழுதும்போது வாயெல்லாம் கசக்கிறது, ஆனாலும் தேறும்.

அம்மா அங்கே வந்து உன்னோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்கிறாள். நானும் வரட்டுமா என்றேன், பொட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, இப்ப வேணாங்க என்றாள். அவளுக்கு மாடி அறை வேண்டாம், மூச்சு வாங்கும். மாத்திரையை மறப்பாள், காலையில் எடுத்துக் கையில் கொடு.

நீ எடுக்கும் படங்களெல்லாம் ஜெயிக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இரு, அப்பாவின் ஆசி என்றும் உண்டு. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அந்த நடிகர் நம் கடைக்கு வந்து அந்தத் துடைப்பைக் கற்றுக்கொள்ளவில்லை, நீதான் செய்து காட்டியிருக்க வேண்டும், அதுவும் ஒரு பிசகில்லாமல், என் கைப்பழக்கம் உனக்கும் வந்திருக்கிறது. அம்மா வந்த பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வாயைத் திறந்து எதையாவது பேசிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா