ஜெனோவாவில் நான்கு நாள்

12 பிப்ரவரி 2001, திங்கள்

காலையிலேயே வெயில். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் போய் எங்கள் லாட்ஜ் காலி. போர்வைகள் சலவைக்கு. பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. சரோஜா தன்னுடையதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இத்தாலியிலிருந்து அன்னா மறுபடி போன். ஏப்ரலில் ஜெனோவாவுக்கு நாங்கள் இருவரும் நான்கு நாள் வர வேண்டுமாம். டிக்கெட் அவர் செலவு. அவருடைய அக்கா லூசியா வருடாவருடம் குளிர்காலத்துக்கு எங்கள் நாலாம் நம்பர் அறைக்கு வந்தவர். அந்த அறையிலேயே இறந்தும் போனவர்.

"அங்க அவங்க அக்கா ரூம்லயே தங்கிக்கச் சொல்றாங்க" என்றேன்.

சரோஜா அரிசி களைவதை நிறுத்தவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல."

14, புதன்

விசாவுக்குச் சென்னை போக வேண்டும் என்கிறார் ஏஜென்ட். போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட். ஸ்வெட்டர்? பழையதே போதும்.

ஆந்திராக்காரர் குடும்பம் ஒன்று நாலாம் நம்பர் கேட்டது. பைப் ரிப்பேர் என்று அனுப்பிவிட்டாள் சரோஜா. பைப் நன்றாகத்தான் இருக்கிறது. லூசியாம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

மத்தியானம் அந்த அறையில் இருமல் சத்தம் என்றாள். போய்ப் பார்த்தேன். யாருமில்லை. பூட்டும்போது எனக்கும் கேட்ட மாதிரி. அவளிடம் சொல்லவில்லை.

17, சனி

மூட்டம். அன்னா போனில் சொல்லச் சொல்ல நான்கு நாள் திட்டத்தையும் குறித்துக்கொண்டேன். சாப்பிடும்போது சரோஜாவுக்குப் படித்தேன். முதல் நாள் துறைமுகம். அடுத்த நாள் பழைய ஊர், சந்துகள், தேவாலயம். மூன்றாம் நாள் பொக்கதாசே.

"இன்னா சொன்னீங்க?"

"பொக்கதாசே. அந்த ஊர்லயே சின்ன கடற்கரையாம். அக்காவும் தங்கச்சியும் சின்ன வயசுல நீச்சலடிச்ச எடம்."

தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கி லூசியாம்மா ஜுரத்துல அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. மாத்திரை பேருன்னு நெனச்சேன். மெடிக்கல்ல போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டேன். இல்லன்னாங்க. இன்னொரு கடைக்கு ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

நான் அன்று வேலூரில். சரோஜாவின் கையைப் பிடித்தபடி போனார் என்று அன்னாவிடம் நானாகத்தான் சொல்லியிருந்தேன். ஆறுதலுக்கு.

18, ஞாயிறு

காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. "அந்தம்மா முகத்தைப் பாத்து எப்படிங்க பொய் சொல்றது? அதான் வரலன்னேன்."

மத்தியானம் அவளே போன் போட்டாள். நின்றபடி, லாட்ஜில் கற்ற இங்கிலீஷில். அக்கா போகும்போது நான் பக்கத்தில் இல்லை, மருந்துக் கடையில் இருந்தேன், பொக்கதாசே என்று கேட்டார், எனக்குப் புரியவில்லை என்றாள்.

ரிசீவரில் அழுகை. எனக்கே கேட்டது.

வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒரு வாட்டிதான் சொன்னாங்களான்னு கேட்டாங்க. இல்ல, நெறைய வாட்டின்னேன். நீ கண்டிப்பா வரணும்னுட்டாங்க."

21, புதன்

லேசான தூறல். நாளை சென்னை, விசா. முதல் பஸ்.

சாயங்காலம் சரோஜாவைக் காணோம் என்று தேடினேன். நாலாம் நம்பர் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏங்க, ஏப்ரல்ல அங்க கடல் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குமா?"

"தெரியலையே. ஏன்?"

"எறங்கணுமே."