பிட்ஸ்வில்லியம் சதுக்கத்துல கதவு மாறிப் போனோம்

பாய்ல், ரோஸ்காமன்
வியாழக்கிழமை

அன்பு மக டெர்வ்லாவுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீயும் அந்த ஆஸ்திரேலியா பெர்த் வெயில்ல வாடிப் போகாம நல்லா இருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறேன். மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், உங்கப்பா நல்லா இருக்காரு. அத மனசுல வெச்சுக்கிட்டு மிச்சத்தப் படி, நடுவுல எங்கயும் பதறாத.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு போன்ல பேசறப்போ அப்பா குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்குன்னு நீ கேட்ட, நான் சளின்னு சொன்னேன். சளி இல்லடி. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே குரல் போயிடுச்சு. ஆட்ட மடக்கச் சொல்லி மேட்டுல நின்னு கத்துவாரு, காத்துதான் வரும், நம்ம நாயி இந்தாளு என்ன சொல்றாருன்னு தெரியாம உக்காந்து அவரு மூஞ்சியவே பாக்கும். நம்ம ஊரு டாக்டரு தொண்டையப் பாத்துட்டு டப்ளினுக்கு எழுதினாரு. அங்க ஆஸ்பத்திரியில தொண்டையில இருந்து ஒரு துண்டு எடுத்து சோதனைக்கு அனுப்பிட்டு, முடிவ டாக்டர் லாம்பர்ட் பிட்ஸ்வில்லியம் சதுக்கத்துல தன்னோட ரூம்ல வெச்சு சொல்வாருன்னுட்டாங்க. நம்ம பக்கத்துல அந்த சதுக்கத்துப் பேரச் சொன்னா என்ன அர்த்தம்னு உனக்கே தெரியும், பெரிய டாக்டருங்க கெட்ட சேதி சொல்ற எடம். பக்கத்து வீட்டு நுவாலா காதுல விழுந்ததும் ஒரு வார்த்த கேக்கல, நேரா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டா. உனக்குச் சொல்லக் கூடாதுன்னு உங்கப்பாதான் ஒத்தக் கால்ல நின்னாரு, அவ்வளவு தூரத்துல இருக்குற புள்ள என்ன பண்ணும், அழுவுறதத் தவிரன்னாரு. அதனால என் மேல கோவப்படாத, படறதா இருந்தா அவரு மேல படு.

செவ்வாய்க்கிழமை காலையில ரயில் ஏறினோம். சாவுக்குப் போற கறுப்பு கோட்டப் போட்டுக்கிட்டாரு, இத ஏன் போட்டீங்கன்னா இருக்கறதுல இதுதான் நல்லதுன்னாரு. அந்த சதுக்கம் போய்ச் சேந்ததும் மனுஷன் படியேற மாட்டேன்னுட்டாரு. நடுவுல பூட்டி வெச்சிருக்காங்களே தோட்டம், சாவி இருக்கற வீட்டுக்காரங்க மட்டும் போறது, அந்தக் கம்பி வேலிய ஒட்டியே சுத்துறாரு சுத்துறாரு, ஒவ்வொரு சுத்துக்கும் டாக்டர் வீட்டு மூலை வந்ததும் நடை வேகமாகுது. கடைசியில நின்னு, "அட்ராக்டா, திரும்பிப் போயிடலாம். தெரியாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்ல"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு படியேறிட்டேன். அந்த வீடுங்கதான் எல்லாம் ஒரே அச்சு, அதே செங்கல், அதே உசரக் கதவு, கதவுக்கு மேல அதே விசிறி மாதிரி கண்ணாடி. பித்தளைப் பலகைய எல்லாம் தேச்சுத் தேச்சு எழுத்தே காணோம். ஒரு கதவு தொறந்து இருந்துச்சு, டாக்டர் வீடுன்னா தொறந்துதான் இருக்கும்னு உள்ள போயிட்டோம்.

உள்ள பெரிய கூடம், ஏகப்பட்ட சனம், எல்லாரும் கறுப்புல, தாழ்வா பேசிக்கிட்டு. பெரிய டாக்டருன்னா இவ்வளவு கூட்டம் இருக்கும்னு நெனச்சேன். ஒரு பொண்ணு வந்து டீயும் ஹாம் சாண்ட்விச்சும் குடுத்துச்சு, இங்க வாங்குற ஃபீஸுக்கு இதாவது குடுக்கறாங்களேன்னு நானும் சாப்புட்டேன். ரெண்டாவது சாண்ட்விச் கையில இருக்கறப்போ எதுத்த ரூம் கதவு தொறந்துச்சு. உள்ள மெழுகுவத்தி எரியுது, நடுவுல சவப்பெட்டி. அந்த வீட்டுப் பெரியவரு செத்துக் கெடக்காரு, நாங்க எழவு வீட்டுல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்கோம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு, எழுந்திரிங்க, ஓடிடலாம்னு கோட்டப் புடிச்சு இழுக்கறேன். உங்கப்பா அசைஞ்சாத்தானே. டாக்டரப் பாக்க அவ்வளவு பயந்த மனுஷன், செத்தவரப் பாக்க ஒரு பயமும் இல்ல. வீட்டுக்குள்ள வந்து வாயில வேற போட்டாச்சு, கை குடுக்காம போனா அது மரியாதையான்னு கேட்டுட்டு வரிசையில போய் நின்னுட்டாரு. நானும் பின்னாடியே போனேன். பெட்டி பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் சொன்னாரு, செத்தவரு நெத்தியத் தொட்டாரு, அப்புறம் வீட்டம்மா கையப் புடிச்சிக்கிட்டு, உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தமா இருக்குங்கன்னு அந்த இல்லாத குரல்ல சொன்னாரு.

டார்சி அம்மான்னு பேரு. எங்க வீட்டுக்காரரு ஹூபர்ட்ட உங்களுக்கு எப்படிப் பழக்கம்னு கேட்டாங்க. உங்கப்பாவுக்கு பொய் சொல்ல வராதே. தெரியாதுங்கம்மா, டாக்டர் லாம்பர்ட்டப் பாக்க வந்தோம், கதவு மாறிப் போச்சுன்னுட்டாரு. நான் பூமி பொளக்காதான்னு நிக்கிறேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க, சிரிக்கும்போதே அழுகையும் வந்துடுச்சு. அப்புறம் இந்தக் குரல் எவ்வளவு நாளா இப்படி இருக்குன்னு கேட்டாங்க. அந்தம்மா இவரு கைய விடவே இல்ல.

"எங்க ஹூபர்ட் காலமெல்லாம் இந்த வீட்டுல இருந்தாரு. இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் டாக்டர். ஒரு கதவத் தட்டல. தட்டினா ஏதாவது சொல்லிடுவாங்கன்னு பயம். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்"ன்னாங்க.

நம்ப மாட்ட, வந்த சனத்த எல்லாம் அப்படியே விட்டுட்டு, கறுப்புச் சட்டையோட, தலையில ஒண்ணும் போடாம மழையில எறங்கி வந்து அடுத்த வீட்டு மணிய அடிச்சாங்க. கதவு தொறந்து உங்கப்பா உள்ள கால் வெக்கிற வரைக்கும் படியிலயே நின்னாங்க. அவங்க வரலன்னா, நான் சத்தியமா சொல்றேன், உங்கப்பா அன்னிக்கு உள்ள போயிருக்க மாட்டாரு.

டாக்டர் லாம்பர்ட் உக்கார வெச்சு சுத்தி வளைக்காம சொல்லிட்டாரு. கெட்ட கட்டி இல்லையாம். கத்திக் கத்தி வந்த சின்ன முடிச்சாம், எடுத்துடலாமாம், அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம். இந்த வாயி சும்மா இருக்குமான்னு நான் கேட்டுட்டேன், டாக்டரே சிரிச்சாரு. வெளிய வந்தோம். உங்கப்பா அந்தப் பெரிய வீட்டு வாசப்படியில, அந்த ஈரத்துல, அப்படியே உக்காந்துட்டாரு. சின்னப் புள்ள மாதிரி அழுதாரு டெர்வ்லா. உன் கல்யாணத்துல கூட அழாத மனுஷன். போறவங்க வர்றவங்க பாத்தாங்க, பாத்துட்டுப் போகட்டும்னு நானும் பக்கத்துல உக்காந்து அழுதேன்.

சேதிய அந்தம்மாவுக்குச் சொல்லாமப் போகக் கூடாதுன்னு கையாலயே ஜாடை காட்டினாரு. திரும்பவும் எழவு வீட்டுக்குப் போனோம். நான் சொன்னதும் டார்சி அம்மா சிலுவை போட்டுக்கிட்டு கூடத்துல இருந்த எல்லாருக்கும் சொல்லிட்டாங்க, ஆளாளுக்கு வந்து உங்கப்பா முதுகுல தட்டிக் கை குடுக்கறாங்க. எழவு வீட்டுல இப்படி ஒரு சந்தோஷத்த நான் எங்கயும் பாத்ததில்ல. ஜெபமாலை சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, கடைசி ரயிலப் புடிச்சோம்.

ரயில்ல முல்லிங்கர் தாண்டுற வரைக்கும் டாக்டர் சொன்ன மாதிரி வாய மூடிக்கிட்டுதான் வந்தாரு. அப்புறம் என் காதுகிட்ட வந்து, குரலே இல்லாம ஒண்ணு சொன்னாரு. "கெட்ட சேதியா இருந்திருந்தா டெர்வ்லாவ வரச் சொல்லியிருக்கலாம். இப்ப என்னத்தச் சொல்லி வரச் சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கடைசியா நீ வந்தது உங்க பெரியப்பா சாவுக்கு. மூணு நாளும் கறுப்பு போட்டுக்கிட்டு வந்தவங்களுக்கு டீ ஊத்திட்டுப் போயிட்ட, உங்கப்பாவும் நீயும் உக்காந்து நாலு வார்த்த பேசல. இங்க எல்லாரு வீட்டுப் புள்ளைங்களும் அப்படித்தான், தந்தி போனா மறுநாள் விமானத்துல வந்து எறங்குதுங்க, வந்து பாக்கறது ஒரு பெட்டிய. நான் உன்னக் குத்தம் சொல்லலம்மா. லீவு கெடைக்கறது, காசு, எல்லாம் எனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்புடு. மாப்பிள்ள டாமுக்கு எங்க ஆசிய சொல்லு. மாதா உங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும். ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. இங்க யாருக்கும் ஒடம்பு சரியில்லாம இல்ல, யாரும் சாகல. உங்கப்பா உயிரோட இருக்காரு. அதுக்காக வா.

இப்படிக்கு,
உன் அம்மா அட்ராக்டா